ஒலி மேசை: இன்னொரு சப்வூஃபர் வேண்டுமா?

டிவி, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் இணைத்து இயக்கும் ரிசீவர் வாங்குவது பற்றிப் போன இதழில் எழுதினேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ரிசீவரை விட்டுவிட்டு, பேஸ் என்கிற அடித்தொனியை மட்டும் தரும் ஸ்பீக்கர் பெட்டியான சப்வூஃபரைப் பிடித்துக்கொண்டன. ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா, நாலு வைத்தால் என்ன கெட்டுவிடும் என்று ஒரே கேள்வியைப் பலர் பல விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே. கடிதத்தோடு சில வீட்டுச் சண்டைகளும் சேர்ந்து வந்திருப்பதால் ஊரை மட்டும் போடுகிறேன், பெயர் வேண்டாம்.

ரோஸ்ஹில் வாசகர்: அண்ணா, எங்கள் சலோன், அதாவது வரவேற்பறை, 5.6 மீட்டர் நீளம், 3.9 மீட்டர் அகலம், 2.8 மீட்டர் உயரம். சுற்றிலும் கான்கிரீட் கல் சுவர், மேலே தளம். டிவிக்குப் பக்கத்தில் இடது மூலையில் 12 அங்குல சப்வூஃபர் ஒன்று இருக்கிறது. சோபா பின்சுவரை ஒட்டிக் கிடக்கிறது. நடுவில் உட்காரும் எனக்கு பேஸ் போதவில்லை. ஓரத்தில் உட்காரும் மச்சான், "குறை, குறை" என்று கத்துகிறார். இதே மாதிரி இன்னொன்று வாங்கட்டுமா, இல்லை இதை விற்றுவிட்டு 15 அங்குலமாக ஒன்று வாங்கட்டுமா?

தம்பி, நீங்களும் பொய் சொல்லவில்லை, மச்சானும் பொய் சொல்லவில்லை. ஒரே சோபாவில் இருவருக்கும் வேறு வேறு பேஸ்தான் கேட்கிறது. அதற்குக் காரணம் பெட்டி இல்லை, அறை.

கணக்கைப் பாருங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 344 மீட்டர் போகும். அதை உங்கள் அறை அகலத்தின் இரண்டு மடங்கால், அதாவது 7.8-ஆல் வகுத்தால் 44 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 44 அதிர்வு வரும். அந்த அதிர்வெண்ணில் ஒலி இரண்டு பக்கச் சுவர்களுக்கும் இடையே போய்த் திரும்பி, நின்ற இடத்திலேயே நின்று அதிரும். சுவரோரத்தில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். நட்டநடுவில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. நீங்கள் உட்காருவது நடுவில், மச்சான் உட்காருவது சுவரோரம். பேஸ் கிட்டாரில் தடித்த கம்பியின் முதல் கட்டத்தை அழுத்தினால் வருகிற எஃப் ஸ்வரம் 43.7 ஹெர்ட்ஸ். நம் ஊர் ஆட்டப்பாட்டான செகா ஒன்றைப் போட்டு, கிட்டார் அந்த ஸ்வரத்துக்கு இறங்கும் நேரத்தில் சோபாவின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்து பாருங்கள். நடுவில் மெலிந்து கிடந்த ஸ்வரம் ஓரத்தில் நெஞ்சில் வந்து இடிக்கும்.

நீளத்துக்கு அதே கணக்கைப் போட்டால் 31 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 61. உயரத்துக்குப் போட்டாலும் 61தான். உங்கள் கூரை உயரம் அறை நீளத்தில் சரிபாதியாக அமைந்துவிட்டதால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. வீடு கட்டும்போது இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? சோபா பின்சுவரை ஒட்டி இருப்பதால் 31-உம் 61-உம் அதில் உட்காரும் எல்லோருக்குமே வீங்கிக் கேட்கும்.

இதில் நம் மொரீஷியஸ் தீவுக்கென்று ஒரு விசேஷம் உண்டு. 1960-இல் ஆலிக்ஸ், கரோல் என்று இரண்டு சூறாவளிகள் அடுத்தடுத்து அடித்துப் போட்ட பிறகு நாம் மரத்தையும் தகரத்தையும் விட்டுக் கான்கிரீட்டுக்கு மாறினோம். காற்றுக்கு அசையாத சுவர் பேஸுக்கும் அசையாது. அமெரிக்க வீடுகளில் மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகைச் சுவர் லேசாக அதிர்ந்து கொஞ்சம் பேஸைத் தின்றுவிடும். நம் சுவர் வந்ததை அப்படியே திருப்பி அனுப்புகிறது. அங்கிருந்து வரும் வீடியோக்களைப் பார்த்து "அவர்களுக்கு ஒன்றே போதுகிறதே" என்று கேட்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி உங்கள் கேள்வி. நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பிரித்துப் பார்ப்பது ஒன்றைத்தான்: குறை சோபாவில் எல்லோருக்கும் ஒரே மாதிரி கேட்கிறதா, ஆளுக்கு ஆள் மாறுகிறதா? எல்லோருக்கும் ஒரே மாதிரி வீங்கியிருந்தால், ஒவ்வொரு அதிர்வெண்ணையும் தனியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசரை வைத்துக் குறைத்துவிடலாம், பெட்டி வாங்க வேண்டியதில்லை. இடத்துக்கு இடம் மாறினால் ஈக்வலைசரால் ஒன்றும் ஆகாது. உங்களுக்காக 44 ஹெர்ட்ஸை 6 டெசிபல் ஏற்றினால் ஆம்ப் நாலு மடங்கு சக்தி கொடுக்க வேண்டும், மச்சான் காதிலும் அதே 6 டெசிபல் ஏறும், நீங்கள் உட்காரும் நடுவில் ஒலி இல்லாமல் போகும் பள்ளமோ அப்படியே கிடக்கும். அந்த வித்தியாசத்தைத் தீர்ப்பது சப்வூஃபரின் இடமும் எண்ணிக்கையும் மட்டும்தான். 15 அங்குலம் அதே மூலைக்கு வந்தால் மச்சான் இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கத்துவார், அவ்வளவுதான்.

முதலில் செலவில்லாத வேலை. மூலையில் இருக்கும் பெட்டியை டிவிக்குக் கீழே, முன்சுவரின் சரி நடுவுக்குக் கொண்டுவாருங்கள். அறையின் நடுக்கோட்டில் நிற்கும் பெட்டியால் அந்த 44 ஹெர்ட்ஸைக் கிளப்ப முடியாது. சத்தம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும். மூலை கொடுக்கும் ஊக்கம் போய்விட்டது, பயப்படாதீர்கள். அப்புறம் முடிந்தால் சோபாவைப் பின்சுவரிலிருந்து 70 சென்டிமீட்டர் முன்னால் இழுங்கள். கணக்குப்படி நீளத்தின் 61 ஹெர்ட்ஸ் சுமார் 3 டெசிபல் இறங்க வேண்டும். ஒரு வாரம் இப்படிக் கேளுங்கள். உங்களுக்கும் மச்சானுக்கும் உள்ள வித்தியாசம் பொறுத்துக்கொள்ளும்படி ஆகிவிட்டால் பணத்தைப் பத்திரமாக வையுங்கள்.

ஆகவில்லை, அல்லது சத்தம் போதவில்லை என்றால், அப்போது அதே மாடலில் இரண்டாவதை வாங்குங்கள். ஒன்றை இடது சுவரிலும் மற்றதை வலது சுவரிலும் எதிரெதிராக, முன்சுவரிலிருந்து 1.4 மீட்டரில் வையுங்கள். ஏன் அந்த இடம்? எதிரெதிர் சுவர்களில் ஒரே நேரத்தில் சேர்ந்து தள்ளி, சேர்ந்து இழுக்கும் இரண்டு பெட்டிகள் அகலத்தின் 44 ஹெர்ட்ஸில் ஒன்றை ஒன்று அடித்துவிடும். 1.4 மீட்டர் என்பது நீளத்தில் கால் பங்கு. நீளத்தின் 61 ஹெர்ட்ஸுக்கு அங்கே பள்ளம், அதனால் அதையும் அவை கிளப்பாது. உயரத்தின் 61 மிஞ்சும். ஆனால் உட்கார்ந்திருப்பவரின் காது தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டரில் இருப்பதால் அது தரையோரத்தில் இருக்கும் அளவுக்குத் தொந்தரவு செய்யாது. எஞ்சிய 31 எல்லோருக்கும் பொது. அதை ரிசீவரின் ஈக்வலைசர் பார்த்துக்கொள்ளும்.

இரண்டையும் டிவிக்குப் பக்கத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிவிடாதீர்கள். 6 டெசிபல் கூடும், ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம் மட்டும் இம்மியும் மாறாது. கடையில் "டபுள் பேஸ்" என்று சொல்லி விற்பது பெரும்பாலும் இதைத்தான்.

வக்வா வாசகர்: ரிசீவர் அட்டையில் 7.2 என்று போட்டிருக்கிறது. இரண்டு சப்வூஃபர் வைத்தால் பேஸ் இடமும் வலமும் பிரிந்து வருமா?

வராது. படத்தின் ஒலித்தடத்தில் பேஸுக்கென்று தனியாக இருப்பது ஒரே சேனல்தான், அது 120 ஹெர்ட்ஸ் வரை போகும். புள்ளிக்குப் பின்னால் இருக்கும் 2 உங்கள் ரிசீவரின் முதுகில் சப்வூஃபர் கேபிளைச் செருகும் துளைகளின் எண்ணிக்கை. 80 ஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளமே 4.3 மீட்டர், அதற்குக் கீழே எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடுவது கஷ்டம். அதனால் ரிசீவரில் ஸ்பீக்கர்களை 80-இல் வெட்டி, அதற்குக் கீழே இருப்பதை சப்வூஃபருக்கு அனுப்பிவிடுங்கள். இரண்டுக்கும் ஒரே சத்தம் போவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. மேலே ரோஸ்ஹில் தம்பிக்குச் சொன்ன வித்தை வேலை செய்வதே இரண்டும் ஒரே சத்தத்தை வாசிப்பதால்தான்.

காத்ர் போர்ன் வாசகி: என் வீட்டுக்காரர் அறையின் நாலு மூலைக்கும் நாலு சப்வூஃபர் வாங்கப் போகிறாராம். ஆராய்ச்சியில் நிரூபித்திருக்கிறார்கள் என்கிறார். உண்மைதானா, இல்லை எனக்கு ஒன்றும் தெரியாது என்று அளக்கிறாரா? ஒரு சுவரின் நடுவில் வராந்தாவுக்குப் போகும் கதவு, இன்னொரு சுவரில் சாமி அலமாரி இருக்கிறது.

அளக்கவில்லை அம்மா. ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்.

அமெரிக்காவில் ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் இருந்த டாட் வெல்ட்டி 2002-இல் இதே கேள்வியைக் கேட்டார். எத்தனை சப்வூஃபர் போதும்? நாலு பக்கமும் மூடிய செவ்வக அறைகளைக் கணினியில் வைத்து, பெட்டிகளை எல்லா விதமாகவும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். நாலு சுவர்களின் நடுவிலும் ஒவ்வொன்று வைத்தால் எல்லா இருக்கைகளிலும் பேஸ் மிகச் சீராக இருந்தது. நாலு மூலைகளும் நல்ல விடைதான், அதில் சத்தமும் கூடுதலாகக் கிடைக்கும். இதுவரை உங்கள் வீட்டுக்காரர் படித்திருக்கிறார். எதிரெதிர் சுவர்களின் நடுவில் இரண்டே இரண்டு வைத்தாலும் அந்த நாலுக்கு மிக நெருக்கத்தில் வந்துவிடுகிறது என்பதும் அதே ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. நாலைத் தாண்டினால் பலன் இல்லை என்பதும் இருக்கிறது. அதையும் ஒரு தடவை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

நாலு சாதாரணப் பெட்டிகளுக்கு ஆகும் பணத்தில் இரண்டு நல்ல பெட்டிகள் வாங்கலாம். நான் இரண்டின் பக்கம். சின்னப் பெட்டி 35 ஹெர்ட்ஸோடு நின்றுவிட்டால் நாலு வைத்தாலும் அது 20-க்கு இறங்காது. 35-க்கு மேல் இருப்பதைத்தான் கூட்டிக் கொடுக்கும். அவர் நாலில் உறுதியாக இருந்தால், இரண்டு வாங்கி வைத்துக் கேட்டுவிட்டு மிச்சத்தை தீபாவளிக்குப் பார்க்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் தீபாவளிக்குள் வேறு ஆசை வந்துவிடும்.

கதவு இருக்கும் சுவரை விட்டுவிடுங்கள். மிச்சமுள்ள சுவர்களில் எதிரெதிராக இருக்கும் இரண்டின் நடுவில் வையுங்கள். அங்கே சாமி அலமாரி குறுக்கிட்டால் அதற்கு அடியில் மட்டும் பெட்டியை வைக்க வேண்டாம். பித்தளை விளக்கின் தட்டும் மணியும் 40 ஹெர்ட்ஸுக்கு எப்படிக் கிணுகிணுக்கும் என்று பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். அரை மீட்டர் தள்ளினால் கணக்கு கொஞ்சம் கெடும், குடி முழுகாது.

கிணுகிணுப்பு பற்றி இன்னும் ஒரு வார்த்தை. 20-இலிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒரு ஒலியைப் போட்டுவிட்டு அறையைச் சுற்றி நடங்கள். நாக்கோ ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகள், திருடனுக்குப் போட்ட கம்பி, கர்ட்டன் கம்பியின் வளையம், மீன் தொட்டியின் மூடி என்று ஒவ்வொன்றும் தன்னுடைய எண் வரும்போது பேசும். பேசுகிற இடத்தில் ஒரு துண்டு ஃபெல்ட் செருகுங்கள். "சப்வூஃபர் கிழிந்துவிட்டது" என்று என்னிடம் வருகிற பெட்டிகளில் பல நல்லபடியாகத்தான் இருக்கின்றன, கிழிவது நாக்கோ.

மாயேபூர் வாசகர்: என்னிடம் பழைய 10 அங்குல சப்வூஃபர் ஒன்று கிடக்கிறது. புதிதாக 12 அங்குலம் வாங்கினேன். பழையதையும் சேர்த்துப் போட்டால் இரண்டாகிவிடும் அல்லவா?

முதலில் பழையதின் துணியைக் கழற்றி, கூம்பைச் சுற்றியிருக்கும் விளிம்பை விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். ஃபோம் விளிம்பாக இருந்தால் நம் ஈரக்காற்றில் அது கேக் மாதிரி உதிர்ந்து கையோடு வரும். ரப்பர் விளிம்பு தாங்கும். உதிர்ந்தால் விளிம்பை மட்டும் மாற்றி ஒட்டலாம், பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம்.

விளிம்பு நன்றாக இருந்தாலும் நான் அவசரப்படமாட்டேன். ஒன்று மூடிய பெட்டி, மற்றது துளை உள்ள பெட்டி என்றால், துளைப் பெட்டியின் சுருதி, அதாவது துளை ஒலிக்கும் அதிர்வெண், இருக்கும் இடத்தை ஒட்டி இரண்டும் ஒன்றாகத் தள்ளுவதில்லை. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கப் பார்க்கும். அங்கே இரண்டு பெட்டி சேர்ந்து ஒரு பெட்டியை விடக் குறைவாகப் பேசும். இன்னொன்று, சின்னது முதலில் மூச்சு வாங்கும், பெரியதையும் அதற்குத் தகுந்த மாதிரி அடக்கி வாசிக்க வேண்டியிருக்கும். மைக்கும் பொறுமையும் இருப்பவர்கள் சேர்த்துப் போடலாம். யூமிக்-1 மாதிரி ஒரு யூ.எஸ்.பி. மைக்கையும், இலவசமாகக் கிடைக்கும் ஆர்.ஈ.டபிள்யூ. மென்பொருளையும் வைத்துக்கொண்டு, முதலில் ஒவ்வொன்றையும் தனியாக அளந்து, பிறகு சேர்த்து அளங்கள். சேர்ந்த கோடு தனிக் கோட்டுக்குக் கீழே போகும் இடம் இருந்தால் பழையதைப் பிள்ளைகளின் அறைக்கு அனுப்பிவிடுங்கள்.

போர்ட் லூயிஸ் வாசகர்: என் ரிசீவரில் சப்வூஃபருக்கு ஒரே துளை. இரண்டை எப்படி மாட்டுவது? தாமதம் சரி செய்ய வேண்டும் என்கிறார்களே?

ஒய் கேபிள் போதும். ஒரு சத்தம் இரண்டு பக்கமும் போகும். அப்போது இரண்டு பெட்டியும் சோபாவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும்படி வையுங்கள், தாமதப் பிரச்சினையே வராது. இரண்டிலும் சத்தக் குமிழ் ஒரே இடத்தில், பெட்டி தள்ளுவதா இழுப்பதா என்பதை மாற்றும் ஃபேஸ் சுவிட்ச் ஒரே பக்கத்தில். ஒன்று பக்கத்திலும் மற்றது தூரத்திலும்தான் வைக்க முடியும் என்றால் கதை வேறு. ஒரு மீட்டருக்குச் சுமார் 2.9 மில்லி நொடி தாமதம், அதைத் தனியாகக் கொடுக்க ஒரு கருவி வேண்டும். மினிடிஎஸ்பி 2x4 எச்டி அதற்கு ஆகும்.

இரண்டு துளை இருந்தாலும் ஏமாறாதீர்கள். பல ரிசீவர்களில் உள்ளே இரண்டும் ஒரே கம்பிதான். மெனுவில் இரண்டு சப்வூஃபருக்கும் தூரத்தைத் தனித்தனியாகப் போட முடிகிறதா என்று பாருங்கள், அதுதான் சோதனை. டெனான், மராண்ட்ஸ் மேல்மட்ட மாடல்களில் வரும் ஆடிசி எக்ஸ்.டி.32 என்ற தானியங்கி ஒலித் திருத்த வசதி இரண்டின் அளவையும் தாமதத்தையும் தனியாகச் சரி செய்துவிட்டு, பிறகு இரண்டையும் ஒன்றாக வைத்து ஈக்வலைஸ் செய்யும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், இதற்காக நிறையப் பேர் போன் செய்கிறார்கள். டேப்பில் அளந்தால் 3 மீட்டர், ரிசீவர் 4.5 என்று காட்டுகிறது. பழுது இல்லை. சப்வூஃபருக்குள் இருக்கும் மின்சுற்றும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும், ரிசீவர் அதையும் தூரமாக மாற்றிக் காட்டுகிறது. அதைத் "திருத்த" வேண்டாம்.

ட்ரியோலே வாசகர்: இரண்டாவது சப்வூஃபரை மாட்டியதிலிருந்து படம் ஓடாதபோதும் "உம்ம்" என்று ஒரு சத்தம். கடையில் மாற்றித் தர மறுக்கிறார்கள்.

பெட்டியைக் குறை சொல்வதற்கு முன் ஒரு சோதனை. சப்வூஃபருக்கு வரும் ஆடியோ கேபிளை மட்டும் பிடுங்குங்கள், மின்சாரம் இருக்கட்டும். உறுமல் நின்றால் பெட்டி நல்லது, கருவிகளின் எர்த் இணைப்புகள் ஒரு வளையமாகி அதில் மின்சாரம் சுற்றிவருகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அது சப்வூஃபரின் மடியிலேயே வந்து விழுகிற எண். அறையின் இரண்டு பக்கத்தில் இரண்டு வேறு சாக்கெட்டுகளில் மாட்டினால் அந்தச் சுற்று பெரிதாகும். எல்லாவற்றையும் ஒரே சாக்கெட்டிலிருந்து நீட்டிப் பாருங்கள். போகவில்லையா, சாட்டிலைட் பெட்டிக்குப் பின்னால் வரும் ஆன்டெனா கேபிளைக் கழற்றுங்கள். பாதி வீடுகளில் அங்கேதான் நிற்கும். அந்தக் கேபிளுக்கு, எர்த் தொடர்பைத் துண்டிக்கும் ஒரு ஐசொலேட்டர் வாங்கிச் செருகினால் தீர்ந்தது.

மூன்று முள் பிளக்கில் எர்த்தைக் கழற்றிவிட்டால் உறுமல் போகும் என்று யாராவது சொல்வார்கள். போகும்தான். ஆம்பில் ஏதாவது கசிந்தால் ஆளும் போவார். அதைச் செய்யாதீர்கள். சூறாவளி எச்சரிக்கை கிளாஸ் 3 என்ற மூன்றாம் கட்டத்துக்கு வந்தால் பிளக்கோடு ஆன்டெனா கேபிளையும் பிடுங்கி வையுங்கள்.

கூர்ப்பிப் வாசகர்: மேல்மாடியில் அம்மா இருக்கிறார். ஒரு சப்வூஃபருக்கே தட்டுகிறார். இரண்டு வைத்தால் வீட்டை விட்டே அனுப்பிவிடுவார் போலிருக்கிறது.

எண்ணிக்கைக்கும் அம்மாவின் கோபத்துக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை, மொத்தச் சத்தத்துக்குத்தான் உண்டு. சொல்லப்போனால் பல வீடுகளில் இரண்டாவது வந்த பிறகு புகார் குறைகிறது. உங்கள் இருக்கையில் ஒரு பள்ளம் இருப்பதால்தான் குமிழை ஏற்றுகிறீர்கள். உங்களுக்குக் கேட்கும்போது மாடிக்கு எல்லாமே போய்விட்டிருக்கும். பள்ளம் நிரம்பினால் குமிழைத் தைரியமாக இறக்கலாம்.

பெட்டிக்கு அடியில் போடும் ஃபோம் மெத்தை பெட்டியின் நடுக்கம் தரைக்குப் போவதைத் தடுக்கும். காற்றில் போகிற 30 ஹெர்ட்ஸை அது தடுக்காது, கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி. மாடிப்படிக்குக் கதவு இருந்தால் சாத்துங்கள். இரவில், பெரிய சத்தங்களை அடக்கும் ரிசீவரின் நைட் மோடைப் போடுங்கள். அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் உங்கள் தங்கையை அம்மா அறைக்கு அனுப்பி, குண்டு வெடிக்கும் காட்சி ஒன்றை ஓட்டி, போனில் பேசிக்கொண்டே குமிழை மெல்ல ஏற்றுங்கள். "இப்போது கேட்கிறது" என்று அவள் சொல்லும் இடத்துக்குச் சற்றுக் கீழே, நகப்பூச்சில் ஒரு புள்ளி வையுங்கள். பத்து மணிக்கு மேல் அந்தப் புள்ளிதான்.

போ பாசென் வாசகர்: நான் தனி ஆள். ஒரே நாற்காலி. எனக்கும் இரண்டு வேண்டுமா?

வேண்டாம். ஒரு பெரிய, நல்ல பெட்டி வாங்குங்கள். அதை உங்கள் நாற்காலியின் மேல் தூக்கி வைத்து, பேஸ் நிறைந்த பாட்டு ஒன்றைச் சுழல விட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். எந்த இடத்தில் எல்லா ஸ்வரங்களும் ஒரே கனத்தில் கேட்கிறதோ அங்கே பெட்டியை இறக்குங்கள். நீங்கள் நாற்காலிக்குத் திரும்பினால் அதே பேஸ் கேட்கும். பெட்டியும் காதும் இடம் மாறினால் ஒலிக்கு வித்தியாசம் தெரியாது. தவழும்போது வராந்தாப் பக்கத்துத் திரையை மட்டும் இழுத்து விடுங்கள், அக்கம்பக்கத்தில் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.